பெண் மூலம்

கருப்பூர் கல்லூரியின் பின்கட்டில்
பழைய ஒர்க்‌ஷாப்பைத் தடுத்து எங்களுக்கு ஓர் அறை.
கதவில் நானே எழுதி ஒட்டினேன்:
அயனி மூல ஆய்வகம்.
மறுநாள் வாட்ச்மேன் சின்னப்பையன்
யாருமில்லாத நேரமாய்ப் பார்த்து வந்து
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"டாக்டர் சாயங்காலம்தான் உக்காருவாராம்மா?"

மூலம் என்றால் பிறக்கும் இடம் என்றேன்.
இந்தச் செம்புக் குடுவைக்குள்
மூச்சளவு ஹைட்ரஜன்.
டங்ஸ்டன் இழை வெளுக்க வெளுக்கக் காய்ந்து
எலக்ட்ரான்களைத் துப்பும்.
இடிபட்ட அணு
தன்னிடமிருக்கும் ஒரே ஒன்றையும் உதறிவிடும்.
மிச்சமாய் நிற்கும் வெறும் புரோட்டானை
கடுகு நுழையாத ஓட்டை வழியே
முப்பதாயிரம் வோல்ட் வெளியே இழுக்கும்.
"அப்புறம்?"
அப்புறம் வேறு ஊரில், வேறு பெரிய மெஷின்
அதை ஓட்டிக்கொள்ளும்.
"ஓ, வழியனுப்புற வேலை" என்று
தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

என் நட்சத்திரமும் மூலம்தான்.
ஆண் மூலம் அரசாளும்,
பெண் மூலம் நிர்மூலம்.
செவ்வாய்ப்பேட்டை ஜோசியர் வாய் திறந்ததும்
ஓமலூர் ஜாதகம்
வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது.
மாமனாரை விழுங்கிவிடுவேனாம்.
இதுவரை நான் விழுங்கியது
பதினேழு இழைகள்,
இரண்டு வேக்குவம் பம்புகள்,
கல்லூரியின் ஃபியூஸ் பெட்டி ஒருமுறை.
செத்த இழைகளை ஜவ்வரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
குலுக்கினால்
குழந்தைக் கொலுசு மாதிரி சத்தம்.

ஆடியில் கசிவு வந்தது.
சுத்தமான ஹைட்ரஜன் கண்ணாடிக்குப் பின்னால்
பன்னீர் ரோஜாவாய் நிற்கும்.
அன்று நின்றது
நோய்ப்பட்ட ஊதா.
எங்கோ காற்று உள்ளே வருகிறது,
மயிரிழையை நூறாய்க் கிழித்த வழி ஒன்றில்.
மாக்னசைட் தூசு சோற்றிலும் படியும் ஊர்;
ஓ-ரிங்கில் ஒரு துகள் போதும்.
தேடிப் பிடிக்க ஹீலியம் வேண்டும்.
"கோட்டை மாரியம்மன் முடியட்டும், திங்கக்கிழமை"
என்றது கேஸ் ஏஜென்சி.

அம்மனிடமே போனேன்,
அதாவது வாசல்வரை.
பலூன் விற்றுக்கொண்டிருந்தார் காஜா மைதீன்.
ஹீலியம்தானே, உறுதியா என்றேன்.
பதிலுக்குச் சட்டைக்கையைச் சுருட்டினார்:
முழங்கை முதல் மணிக்கட்டுவரை
கசங்கிக் காய்ந்த தோல்.
"முன்னாடி ஹைட்ரஜன். ஏற்காட்டுல, ஏரி ஓரம்.
பக்கத்துல ஒருத்தன் பீடி பத்த வச்சான்."
அதே வாயுதான் என் குடுவையில்
என்று சொல்ல நா எழவில்லை.

டிவிஎஸ்ஸில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு
கூடவே வந்தார்.
மின்சாரத்தை நிறுத்தி
எர்த் கம்பியால் மூன்றுமுறை தொட்டேன்.
டப் என்றது, பிறகு இல்லை, பிறகு இல்லை.
"இப்ப தொடலாம்."
அவர் ஒவ்வொரு போல்ட்டாய் ஊதினார்,
பலூன் கழுத்து பழகிய விரல்கள்,
ஒரு குமிழி அதிகமில்லை.
ஏழாவது போல்ட்டில்
முள் துள்ளியது.

ஓ-ரிங்கை எறிந்தேன்.
கொலுசுப் பட்டறையில் இழுத்து வாங்கியிருந்த
வெள்ளிக் கம்பியை வளைத்துப் போட்டு
இறுக்கினேன், எதிரெதிராய், கொஞ்சம் கொஞ்சமாய்.
பம்பு இரைந்து இரைந்து அடங்கும்போது மணி ஒன்பது.
சேர்வராயன்மேல் மின்னல் வெட்டியது.
அதற்கு யாரும் போல்ட் முடுக்கியதில்லை.

இழை சிவந்து, வெளுத்து,
ரோஜா வந்தது.
மீட்டரில் முந்நூற்றுப் பத்து மைக்ரோ ஆம்பியர்.
காஜா கிளம்பவில்லை, ஜன்னலருகே நின்றார்.
"என்ன கேஸு இது?"
சொன்னேன்.
ஓரடி பின்னால் போனார்.
கை தானாக மற்றொரு கையை மூடியது.
வெகுநேரம் கழித்து
அந்த ஓரடியைத் திரும்ப எடுத்து வைத்தார்.
"வெடிக்கலையே."
உள்ளே காற்று இல்லை, அதான்.
"நீங்க காட்டிக் கொடுத்தீங்களே, அந்தக் காத்து."
அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
வாடகையென்று எதுவும் வாங்கவில்லை,
போகும்போது
ஒரு செத்த இழையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலையில் கதவைத் திறக்க வந்தால்
என் எழுத்துக்குக் கீழே
சின்னப்பையன் கையெழுத்தில் சாக்பீஸ் வரி:
'இது வேற மூலம்.'
அழிக்கவில்லை.