புரியிடை

தாருகானாவில், நங்கூரச் சங்கிலிகள் துருவேறிக் கிடக்கும் சந்தில்
நான்கு அலகு வெண்கலத்தைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்.
அடியில் இரண்டு டயர். மேலே ஒரு பூனை.

"ஒண்ணு மட்டும் கோணல், மேடம்.
மத்த மூணு மாதிரி ஆக்கிட்டாப் போதும்"
என்கிறார் ஹரேஷ்வர் தாண்டேல்.
மழைக்கால முதல் வாரத்தில் மிதந்து வந்த மரத்துண்டில் அடிபட்டதாம்.
அன்றிலிருந்து மோரா போய்ச்சேரும்வரை
சாயா கிளாஸ்கள் தாமாகவே மேசையில் நடக்கின்றனவாம்.

பூனையை இறக்கிவிட்டு
அளவுகோலை நடுத்துளையில் நிறுத்தினேன்.

புரி என்றால் முறுக்கு.
புரி என்றால் விளங்கிக்கொள்.
கடலை ஒரு மரப்பலகை என்று நம்பி
ஒரு சுற்றில் இவ்வளவு ஏறுவேன் என
உலோகம் தரும் வாக்குதான் புரியிடை.

எண்பத்தாறு சென்டிமீட்டர் என்கிறது முதல் அலகு.
எண்பத்தாறு. எண்பத்தாறரை.
நான்காவது, எழுபத்தெட்டு.

எண்பத்தாறு கேட்டால் கடல் அறுபது தரும்,
மிச்சம் நழுவல்.
கல்லூரியில் இதை இழப்பென்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
கொஞ்சமும் நழுவாத அலகு
நீரை வகிர்ந்துகொண்டு சும்மா சுற்றும், எதையும் தள்ளாது.
நூற்றிருபது பயணிகளும் ஒரு கூடை பொம்பிலும்
அந்தச் சறுக்கலில்தான் அக்கரை சேர்கிறார்கள்.

முதுகுப் பக்கம் விரலோட்டினேன்.
அம்மைத் தழும்பு.
அழுத்தம் தாழ்ந்த இடத்தில் நீர் அடுப்பில்லாமல் கொதிக்கும்;
குமிழி பிறந்த கணமே நொறுங்கும்,
நொறுங்கும்போது ஒரு பொடி வெண்கலத்தைக் கிள்ளிக்கொண்டு போகும்.
கோணல் அலகின் குழிகளில் பச்சைக் களிம்பு.
மற்ற மூன்றிலும் பளபளப்பு:
இன்னும் கொத்திக்கொண்டிருக்கிறது.

"புகை வருமா?"
"எஞ்சின் மாத்துனதுலேருந்து கறுப்புதான்.
ஆயிரத்து எண்ணூறு சுத்த வேண்டியது
ஆயிரத்து அறுநூறைத் தாண்டாது. கலப்பட டீசல்."

குர்லா சீசன் டிக்கெட்டின் பின்பக்கம்
இரண்டு முறை அழித்து அழித்துக் கணக்குப் போட்டேன்.
எழுபத்தெட்டரை.
மரத்துண்டு ஒரே அடியில் போட்டிருந்தது.

"அலகு ஏன் அரிவாள் மாதிரி பின்னால வளைஞ்சிருக்கு?"
முஸ்தகீம் கேட்டான், கிரைண்டரை நிறுத்தாமல்.
தாதரில் விரார் வண்டி ஏறும்போது
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டா நுழைவாய்?
முதலில் தோள், பிறகு இடுப்பு, கடைசியில் பை.
படகின் வாலில் நீர் அத்தனை நெரிசல்.
முழு அலகும் ஒரே கணத்தில் நுழைந்தால்
அடித்தளம் அதிரும்.
சிரித்தான். "நான் விழுந்திருக்கேன், மேடம்,
மாட்டுங்கால."
அதன்பின் கொஞ்ச நேரம் கிரைண்டர் மட்டும் பேசியது.

தாண்டேலிடம் சொன்னேன்:
திருத்த வேண்டியது மூன்றை.
அலகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பூனையைக்கூட ஒருமுறை பார்த்தார்.
"மூணு பேர் சேர்ந்து பொய் சொல்வாங்களா?"
சொல்வார்கள் என்றேன்.
ஒரே வார்ப்படத்தில் பிறந்திருந்தால்.

வெள்ளிக்கிழமை, பாவ்ச்சா தக்காவிலிருந்து கிளம்பினோம்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.
புகை வெளுத்திருந்தது.
மேசைமேல் வைத்த கிளாஸ் வைத்த இடத்தில் நின்றது,
சாயாவின் மேல் ஒரு வளையமும் இல்லை.

தாண்டேல் சுக்கானை விடாமல் திரும்பிச் சொன்னார்:
"டீசல் கடையை மாத்திட்டேன், மேடம்.
பாத்தீங்களா?"