ம வரிசை

ராயபுரத்துத் தகரக் கொட்டகை,
முப்பத்தெட்டு, ஆவணி.
ரங்கூனில் கலவரம் என்று பேப்பரில் வந்து
மூன்று வாரம் ஆகியிருந்தது.
எனக்கு ஒரு மேசை, நீல மசி,
பன்னிரண்டு கட்டம் கோடிட்ட புத்தகம்.

பெயர். தகப்பன் பெயர். சாதி. தொழில். கையிருப்பு.
அங்க அடையாளத்தில்
ஆறின தழும்பை மட்டும் எழுதலாம்.
ஆறாதது 'காயம்', அதற்கு வேறு தாள்.
ஹெட்கிளார்க் எத்திராஜுலு நாயுடு
இதில் கறார்.

போகுமிடம் என்று கேட்டால்
ஏதோ ஓர் ஊரைச் சொன்னார்கள்,
என்னிடம் திருப்பிக் கேட்பதுபோல.

நாற்பத்தேழாவது ஆள் கொளஞ்சி.
அரிசி மில் கூலி.
மூன்று ரூபாய், ஒரு தையல் மிஷின் தலை;
கால் அங்கேயே நின்றுவிட்டதாம்.
இடுப்பில் ஐந்து வயதுப் பெண்,
கூரைத் தகரத்தில் புறா நடக்கும் சத்தத்தை
அண்ணாந்து தேடிக்கொண்டு.
பெயர்?
"ம்யா."
தாய்?
"பர்மாக்காரி. அவ அம்மாவ விட்டுட்டு வரல."
சாதி?
என்னைப் பார்த்தான். நான் மசியைத் தொட்டுக்கொண்டேன்.
ம்யா என்றால்?
"மரகதம் சாமி. பச்சக் கல்லு."

என்ன தோன்றியதோ.
இந்த ஊரில் இந்தப் பெயரோடு
பள்ளிக்கூடத்தில் எப்படி, கல்யாணத்துக்கு எப்படி என்று
யாரும் கேட்காத கவலையைப் பட்டு
மரகதம் என்று எழுதினேன்.
எழுத்து நன்றாக வந்திருந்தது.
போகுமிடம் காசிமேடு என்று
அதையும் நானே போட்டேன்.
அன்றைக்கு ஒரு காப்பி கூடுதலாகக் குடித்தேன்.

நாற்பத்தொன்று, ஐப்பசி மழையில்
ரங்கூன் முத்திரையோடு ஒரு கடிதம்.
கூலிக்கு யாரோ எழுதிக்கொடுத்தது.
என் மகள் ம்யா, எட்டு வயது.
புருஷன் கோ லான் ஜி.
யுத்தம் இங்கே வரும் என்கிறார்கள்.
விலாசம் தெரிந்தால் நான் கப்பல் ஏறுவேன்.

ம வரிசையில் விரல் வைத்துத் தேடினேன்.
மங்கை, மண்ணாங்கட்டி, மதுரைவீரன்,
மரகதம், மருதை,
விரல் எங்கேயும் நிற்கவில்லை.
மூன்று புத்தகம், இரண்டு முறை.
ஒழுங்காகத்தான் தேடினேன், அதைச் சொல்ல வேண்டும்.
கோ என்று ஆரம்பிக்கும் பர்மாக்காரன்
ஒருத்தனும் இல்லை.
'அப்பெயருடையோர் வந்திறங்கியதாகப் பதிவில்லை.'
மசி உலர்வதற்கு ஊதினேன்.

மார்கழியில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது.

சித்திரையில் இந்தப் பட்டணமே
மூட்டை கட்டியது.
ஆட்களுக்கு முன்னால் புத்தகங்களுக்கு
லாரி வந்தது.
பெட்டியில் இடமில்லை, கடிதாசிகளைக் கிழி என்றார் நாயுடு.
கிழிக்குமுன் ஒன்றை வாய்விட்டுப் படித்தேன்.
கோ லான் ஜி.
கோலாஞ்சி.

பதினோரு பெட்டிக்கும் ஆணி அடித்தாயிற்று.

காசிமேடுவரை நடந்தேன்.
பாதி வீடுகளில் பூட்டு, மீதியில் நாய்.
"மிஷின்காரரா? மூணு நாளாச்சே" என்றாள்
காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி.
"எந்தப் பக்கம்னு சொல்லல.
மரகதம்தான் வரமாட்டேன்னு ஒரே அழுகை,
தூக்கிட்டுப் போனாரு."

எந்த மரகதம் என்று
கேட்கத் தேவையிருக்கவில்லை.
சட்டைப்பையில் கடிதம் வேர்வையில் நனைந்திருந்தது.

கூடையைக் கீழே வைத்துவிட்டு
அவள் கேட்டாள்:
"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"