தொண்ணூற்றிரண்டு டிகிரி

குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை.
சமையலறைத் தரையில்
காலை இழுக்கிறேன், நீட்டுகிறேன்.
சரக். சரக்.
பதினோராவது வாரம்.
முட்டியில் கோணமானியைப் பொருத்தி
ஹிமேனா சொல்கிறாள்: தொண்ணூற்றிரண்டு.
போன செவ்வாயும் தொண்ணூற்றிரண்டுதான்.

வால்பரைசோவின் இந்தக் குன்றில்
கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து
பத்தொன்பது வருஷம் ஏறினேன்.
எண்ணியதே இல்லை.
எங்கள் சந்துக்கு நூற்றுப் பதினெட்டுப் படி,
கைப்பிடி இல்லாதவை முப்பது.

மூடுபனிக்குள்
எனக்குப் பதிலாக வந்திருக்கும் ஓல்கர்
சிலிண்டரை இரும்பால் தட்டிக்கொண்டு போகிறான்.
என் தாளம் இல்லை. ரொம்ப வேகம்.
அறுபதாம் படியில் ஒரு நாய் உண்டு,
சொல்ல மறந்துவிட்டேன்.
குரைக்கிறது.

நேற்று நாற்பத்தொரு படி இறங்கினேன்,
நோகிற காலை முன்னே விட்டு.
ஜன்னலிலிருந்து தோன்யா எல்பா கேட்டாள்:
"இன்னுமா ஆறலை?"
தழும்பைக் காட்டினேன். வெளுத்துப்போயிருந்தது.
தோல் அவசரக்காரி.
உள்ளே இருப்பது
இன்னும் அந்த ஈரப்படியில்
வழுக்கிக்கொண்டேயிருக்கிறது.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
பையை எடுத்தேன்.
சரக்.
தொண்ணூற்று மூன்று மாதிரி இருந்தது.
அளந்து சொல்ல ஆளில்லை.