மேசையிடம் கேட்டது

ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிவேன்
என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.
ஹைருலுக்கு இரட்டைக் குழந்தைகள், தூக்கம் போதாது.
சியூ லிங்கிடம் குரலை உயர்த்தக்கூடாது.
தில்பகதூர் போக்ராவுக்குப் பணம் அனுப்பிய பிறகே சிரிப்பான்.
மோகனேஸ்வரனுக்குப் பெயர்ப்பலகையில் நட்சத்திரம் போதும்,
இரண்டு ஆள் வேலை செய்வான்.

பாயான் லெப்பாஸில் ஏழாம் எண் வரிசை,
இரவு ஷிஃப்டுக்கு நான் பொறுப்பு.
கண்ணாடி அறைக்குள் ஒருவராய் அழைத்து
கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன்.
பதினோரு கோப்பு, பதினோரு இலக்கு.
"நீங்க இல்லாட்டி இந்த லைனே இல்ல"
என்பதைப் பதினோரு பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும்
தட்டுத் தட்டாய்ச் சில்லுகள் குப்பைக்குப் போயின.
யாரிடம் தப்பு என்று ஒரு மாதம் தேடினேன்.
யாரிடமும் இல்லை.
ஒரு கை விட்டு மறு கை வாங்கும்
அந்த ஒரு முழ இடைவெளியில் இருந்தது.
அதற்கு என்னிடம் கோப்பு இல்லை.

ஆகஸ்டில் ஒரு இரவு மின்சாரம் தடுமாறி
எல்லா மெஷினும் நின்றது.
கேண்டீனில் நாற்பது நிமிடம்.
வரிசை நிற்கக்கூடாதென்று
இடைவேளையையும் துண்டு துண்டாய் வெட்டி வைத்தவள் நான்;
பதினோரு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது
அன்றுதான்.
வெள்ளை அங்கியும் முகமூடியும் இல்லாமல்.
"நீதானா மூணாம் மெஷின்?"
அஸ்லீனா கேட்டாள், பக்கத்திலேயே
ஒன்றரை வருஷம் நின்றவனை.

ஏன் உடையுது என்றேன்.
பழக்கத்தில் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டேன்.
அந்த முகம் குனிந்தது.
பிறகு மேசையைப் பார்த்து,
காயா ஜாம் சிந்திய இடத்தைப் பார்த்து,
மறுபடி கேட்டேன்.
அதற்கப்புறம் வாயை மூடியிருக்க நான் பட்ட பாடு!

தில்பகதூர் பேசினான். என்னிடம் இல்லை,
சியூ லிங்கிடம், உடைந்த மலாயில்:
தட்டு சூடாக வருகிறது.
ஆற விட்டால் என் எண்ணிக்கை சிவப்பாகிறது என்றாள் அவள்.
அந்தச் சிவப்பை வைத்தது யாரென்று
மேசைக்கே தெரியும்.
அவள் என் பக்கம் திரும்பவில்லை.
அதற்கு இன்றும் நன்றி.

"கித்தா ரெண்டு நிமிஷம் பொறுக்கலாம்" என்றான்.
நம் மொழி மாதிரியே மலாயிலும் இரண்டு உண்டு,
கேட்பவரைச் சேர்த்த நாம்,
சேர்க்காத நாங்கள்.
தெரிந்து சொன்னானோ, தெரியாமலோ.

பலகையில் இப்போது ஒரே எண்.
நட்சத்திரம் போன மோகனேஸ்வரன்
இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை.
அது நியாயமா என்று எனக்கும் தெளிவில்லை.
உடைவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

நான் வந்தால் அவர்கள் பேச்சு நின்றுவிடுகிறது.
அதனால் கிடங்குப் பக்கமாய்ச்
சுற்றிப் போகப் பழகுகிறேன்.
அந்த நாமில் நான் இருந்தேனா என்று
தில்பகதூரிடம் இன்னும் கேட்கவில்லை.