ஒன்பதாம் இலக்கம்

மல்லாவிச் சந்தியில்
ஒரு போட்டோக்கொப்பி மெசின்,
லமினேட் பண்ணுகிற பெட்டி, நான்.
பக்கம் பத்து ரூபாய்.

திங்கள் காலை விதானை வந்து
ஒரு படிவத்தை வைத்தார்.
"முந்நூறு எடு தம்பி. காசு சனத்திட்ட வாங்கு."

பதினொரு இலக்கங்கள். முழுக்கச் சிங்களம்.
உச்சியில் மட்டும் தமிழில் ஒரு வரி:
'குடும்பத்தின் விபரம் சேகரிப்பித்தலாகும்.'
அந்தப் பிழையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.
சிரித்து முடிய
பேனை கேட்டார்கள்.

மருந்தடித்த கையோடு வந்த பாக்கியநேசன்
உரமானியத்துக்கு என்றார்.
தையல் வகுப்புப் பெட்டைகள்
வேலைக்காம் என்றார்கள்.
துணுக்காயிலிருந்து வந்த ஒருவர்
வீட்டுத்திட்டம்தான் என்று
கோயில் பக்கம் கைகாட்டிச் சத்தியம் பண்ணினார்.
ஒருவரும் மற்றவரை மறுக்கவில்லை.
படிவமும் மறுக்கவில்லை.

மூடிக்குக் கீழே பச்சை வெளிச்சம்
இடமிருந்து வலம் போய்த் திரும்பும்.
முந்நூறு தரம் அது ஒன்பதைக் கடந்தது.
முந்நூறு தரம் நான்
வெளியே நின்ற பஸ்ஸைப் பார்த்தேன்.

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்.
இந்தச் சந்தியில் இது ஒருவருக்கும் தெரியாது.
கம்பிக்குள் இருந்த இரண்டு வருடத்தில்
கரும்பலகை வைத்துக் கற்பித்தார்கள்.
கெட்டிக்காரன் என்றார் மாஸ்டர்.
சான்றிதழும் தந்தார்கள்,
பொன்நிறக் கரை போட்டு.
ஊரார் எல்லோருடைய சான்றிதழையும்
லமினேட் பண்ணுகிற நான்
அதை மட்டும் அரிசிப் பீப்பாவின் அடியில் வைத்திருக்கிறேன்.
வாசித்துக் காட்டினால்
எங்கே படித்தாய் என்று கேட்பார்கள் அல்லவா.

ஒன்பதாம் இலக்கம் இது:
முன்னறிவித்தல் இன்றி, எந்நேரத்திலும்,
வீட்டைச் சோதிக்கவும் பொருட்களை எடுத்துச்செல்லவும்
கீழே ஒப்பமிடுபவர்
இப்போதே சம்மதிக்கிறார்.
பத்தாம் இலக்கம்:
மாடு எத்தனை, ஆடு எத்தனை.

செவ்வாய் பின்னேரம்
மீன்பெட்டி கட்டிய மோட்டர்சைக்கிளில் சுகிர்தமலர்.
செதில் ஒட்டிய விரலை
சரியாக அந்த இடத்திலேயே வைத்தாள்.
"இதில என்ன கிடக்கு?"
"தெரியாதக்கா."
"தெரியாமலோ இவ்வளவும் அடிச்சனி?"
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
"போட்டிட்டு விடு பிள்ளை, மழை வரப்போகுது."
"ஒளிக்க ஒண்டுமில்லாதவைக்கு என்ன பயம்?"
பின்னதைச் சொன்னவர் நல்ல மனிதர்.
எங்கள் வாசிகசாலையின் தலைவர்.

அவள் கையெழுத்து வைக்கவில்லை.
பத்து ரூபாயை வைத்தாள்.
படிவத்தை நாலாக மடித்து
தராசுத் தட்டுக்குக் கீழே செருகிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை அவளின் மீன் மிஞ்சியது.
"ஏன் அவள் மட்டும் போடேல்ல?
என்னவோ இருக்கு" என்று
மரக்கறிக் கடையில் பேசினார்கள்.
சூடை நல்ல புதிசு.
நானும் வாங்கவில்லை.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எஞ்சிய கட்டிலிருந்து ஒன்றை உருவினேன்.
ஒன்பதுக்குப் பக்கத்தில், பென்சிலால்,
இடது கையால்,
தமிழில் எழுதினேன்.
எழுத்து ஆறாம் வகுப்புப் பிள்ளையினுடையதைப்போல் இருந்தது.
கட்டின் நடுவில் எங்கோ செருகி
சீட்டு விளையாடுகிறவனைப்போல் கலைத்தேன்.

வியாழன் நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள்.
வெள்ளி மத்தியானத்துக்குள் கட்டு முடிந்தது.
யார் கைக்குப் போனதோ தெரியாது.
ஒருவரும் திரும்பி வரவில்லை.
ஒருவரும் கேட்கவில்லை.

வாசிக்கவில்லைப் போல.
இல்லை, வாசித்த ஆளும் என்னைப்போல
பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு
நிற்கிறாரோ.