யூனிட் கணக்கு

பணகுடிப் பக்கம் பதினோரு காற்றாலை எங்களுக்கு.
காற்றை விற்றுக் கட்டிய வீடு
பெருமாள்புரத்தில். லிஃப்ட் உண்டு.
மூன்று மாடிக்கும் வேண்டிய தூசியும் உண்டு.

அதைத் துடைக்க வந்தவள் பெயர் புத்னி.
ஊர் சிம்டேகா என்றாள்.
இவர் போனில் இரண்டு விரலால் விரித்து விரித்துத் தேடி
பச்சையாக ஓர் இடத்தில் நிறுத்தி
"காடுல்லா இது" என்றார்.
புதன்கிழமை பிறந்ததால் புத்னியாம், ஏஜென்ட் சொன்னான்.
"பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது, விட்டுராத"
என்று தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

தமிழ் ஒரு சொல் தெரியாது அவளுக்கு.
நான் திட்டத் திட்ட அதுவாக வந்தது.
முதலில் வாரியல். பிறகு இங்கன, அங்கன, சவம்.
பிறகு மூதி.
பால் பொங்கினால் மூதி,
குழாயை மூட மறந்தால் மூதி,
கண்ணாடி டம்ளர் கைதவறினால்
ஏ மூதி, ஏ மூதி, என்று இரண்டு தடவை.
நாளைக்கு நாற்பது முறை ஒருத்தியைக் கூப்பிட்டால்
அது செல்லப்பெயர் என்றுதானே நினைப்பாள்?

ராத்திரி அவள் பாத்திரம் விளக்க
பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவேன்.
சுவரிடம் சொல்வதைவிட மேல்.
இது தலையாட்டும் சுவர்.
நயினார்குளத்து வயலை அப்பா
தம்பி பேருக்கு எழுதியதைச் சொன்னேன்.
கல்யாண ஆல்பத்தில் நான் சிரிக்கும் ஒரே படத்தில்
இவர் பக்கத்தில் இல்லாததைச் சொன்னேன்.
காற்றாலையைப் பார்க்க என்று இவர்
வள்ளியூரில் தங்கும் ராத்திரிகளில்
காற்றே வீசவில்லை என்று
மீட்டர் காட்டுவதையும்.

வடிவைப் பெண் பார்க்கத் தென்காசியிலிருந்து
பதினான்கு பேர், இரண்டு இன்னோவா.
மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கழுத்தே தெரியவில்லை, நகை.
ஜூஸ் தட்டோடு போன புத்னி
இருக்கிற மரியாதையையெல்லாம் திரட்டிக் குனிந்து
"குடிங்க மூதி" என்றாள்.

ஏசி ஓடும் சத்தம் கேட்டது.
பிறகு மாப்பிள்ளைப் பையனுக்குப் புரையேறியது.
மூக்குவழி மாதுளை ஜூஸ்.
வடிவு எழுந்து போய் அவன் தலையில் தட்டினாள்,
தேவைக்கு மேல் நாலு தட்டு.
ஜாதகத்தை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டில் சொதி.
அந்த அம்மாள் மூன்றாம் தடவை ஊற்றச் சொல்லி
"யாரு கைப்பக்குவம்?" என்றார்.
"நாந்தான்" என்றேன்.

புத்னி மெதுவாக நிமிர்ந்து
மின்விசிறியைப் பார்த்தாள்.
அது ஓடவே இல்லை.

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது.
வயல். ஆல்பம். மீட்டர்.

அன்று ராத்திரி முக்காலியில் உட்காரவில்லை.
நின்றபடி கேட்டேன்:
"எப்பலேருந்துளா ஒனக்குத் தமிழ் புரியும்?"
"ஆடிக்காத்து ஆரம்பிக்கயிலேயே புரியும்க்கா"
என்றாள். என் இழுவை. எங்கம்மா ஊர் இழுவை அப்படியே.
கையில் நுரையோடு திரும்பி,
"மாசம் ரெண்டாயிரம் கூட்டிக் குடுங்க."
"எதுக்கு, வேல கூடிட்டோ?"
"வேலைக்கு இல்ல. கேட்டதுக்கு.
அண்ணாச்சி காத்துக்கே யூனிட் கணக்குலல்லா வாங்குதாவ."

கொடுத்தேன்.
ஆடியிலிருந்து பாக்கி போட்டுக் கொடுத்தேன்.
பீரோவைப் பூட்டும்போதுதான் சிரிப்பு வந்தது,
சிரிப்பு நிற்க நேரமாயிற்று,
நின்றபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு ஒன்பது வயதில் பையன் இருக்கிறான்.
ஒன்றரை வருஷம் கழித்து நேற்றுத்தான் கேட்டேன்.
இப்போது அவனோடு போனில் பேசுகிறாள், அவள் பாஷையில்.
சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி ஓசை.
எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை.
புரியாமல் தலையாட்டுவது
லேசான வேலை இல்லை.

நடுவில் ஒரு சொல் மட்டும் புரிந்தது.
மூதி.
அந்தப் பக்கம் பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.
என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்பாகத்தான் இருக்கும்.