இரண்டாம் கியர்

கார்ட்டிங்கில் பதினோராவது.
ஃபார்முலாவில் ஒரே பருவம்;
இருங்காட்டுக்கோட்டை வெயிலில் கியர்ப்பெட்டி உடைந்தது,
அடுத்த வாரம் ஸ்பான்சரும் போனார்.
பிறகுதான் ராலி. பிறகுதான் நான்,
இடப்பக்க இருக்கை, மடியில் நோட்டு:
"வலது நாலு, மேடு தாண்டி
இடது இரண்டு, வெட்டாதே."
வெட்டினாள்.
இரண்டு முறை கோப்பை.
மூன்றாம் முறை தேயிலைக்குள்
பெல்ட்டில் தலைகீழாய்த் தொங்கியபடி கேட்டாள்:
"அடுத்த வளைவு என்ன?"

லாரிப் பந்தயம் வரை போய்விட்டாள் ஹேமா போஜன்.
அதில் ஆறாம் இடம்.

இன்று கேத்தியில் ஏற்றியது
கழுவிய கேரட், மூன்று டன்.
மண்டியில் ஏலம் நாலு மணிக்கு.
மரப்பாலத்தில் பனி.
முன்னால் ஒரு சுற்றுலா வேன்,
பிரேக் தீய்கிற வாடை.
முந்த இடமிருக்கிறது, எனக்கே தெரிகிறது.
விளக்கடித்து ஓரங்கட்ட வைத்தாள்.
கண்ணாடியை இறக்கி,
"ஆறட்டும். செகண்ட்ல எறங்குங்கண்ணா."

கொண்டை ஊசி வளைவு 9/14.
மடியில் நோட்டு இல்லை,
எடைச்சீட்டும் சில்லறையும்தான்.
ஆனாலும் வாய் முணுமுணுக்கிறது:
இடது ஒன்று, இறக்கம், ஈரம்.

"தெரியும்" என்கிறாள்.
கொஞ்சம் பொறுத்து,
"சத்தமா சொல்லு."